கோடை வீட்டுத்தோட்டம்: ஒரு சென்ட் நிலத்தில் மருந்தில்லாக் காய்கறி

பயிற்சிக்கு வரும் விவசாயிகளிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நேற்று உங்கள் வீட்டுக் குழம்பில் போட்ட காய் எங்கிருந்து வந்தது?" பெரும்பாலானவர்கள் வாரச்சந்தை என்பார்கள், அல்லது தெருமுனைக் கடை என்பார்கள். நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது, சாணம் இருக்கிறது. காய் மட்டும் கடையில் வாங்குகிறோம். அதிலும் சித்திரை, வைகாசியில் கிணறுகள் வற்றிச் சந்தைக்கு வரத்து குறையும்போது விலை ஏறிவிடும். வீட்டில் காய் அளவு தானாகக் குறைந்துவிடும். ஒருவர் நாளொன்றுக்குக் காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பேர் உள்ள வீட்டில் கோடையில் இதில் பாதியாவது தட்டுக்கு வருகிறதா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வீட்டை ஒட்டி ஒரு சென்ட் இடமும், நாளுக்குப் பத்துக் குடம் தண்ணீரும் இருந்தால் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கலாம். அதற்குப் பூச்சிமருந்தோ இரசாயன உரமோ தேவையில்லை. கோடைத் தோட்டத்தைக் காப்பாற்றுவது வெயிலுக்கு ஏற்ற பயிர், மூடிய மண், சாயங்கால நிழல் ஆகிய மூன்றும்தான். தெளிப்பு கடைசி வேலை. இந்த வரிசையை மாற்றினால் எந்தக் கரைசலும் கைகொடுக்காது.

வீட்டுத்தோட்டத்தில் மருந்து ஏன் கூடாது?

ஒவ்வொரு பூச்சிமருந்துக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. மருந்து தெளித்த நாளிலிருந்து காய் பறிக்கும் நாள்வரை விட வேண்டிய இடைவெளி அது. சில மருந்துகளுக்கு மூன்று நாள், சிலவற்றுக்கு ஒரு வாரம், இன்னும் சிலவற்றுக்கு அதற்கும் மேல். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். பறிக்காமல் விட்டால் முற்றிவிடும். கத்தரி, மிளகாய், கீரையும் அப்படித்தான். சமையலுக்கு வேண்டும்போது பறிப்போம். காலையில் ஒருவர் தெளித்தது மாலையில் பறிப்பவருக்குத் தெரியாமலும் போகலாம். தினமும் பறிக்கிற தோட்டத்தில் காத்திருப்புக் காலத்தைக் கடைப்பிடிக்கவே முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெல்லுக்கும் பருத்திக்கும் வாங்கியதில் மீதி இருக்கிறதே என்று காய்கறிக்கு அடிப்பது பல ஊர்களில் நடக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறியில் பயன்படுத்த மத்திய அரசு 2005-லேயே தடை விதித்தது. வயல் மருந்து வயலோடு நிற்கட்டும். வீட்டுத்தோட்டத்துக்கும் சமையலறைக்கும் அது வரவே கூடாது.

இடமும் அமைப்பும்

ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. ஏறத்தாழ 22 அடிக்கு 20 அடி. இதைக் கீழ்க்கண்டவாறு பிரித்துக்கொள்ளலாம்.

- 10 அடிக்கு 10 அடி பந்தல் ஒன்று. நான்கு மூலையிலும் ஒரு குழி. பீர்க்கு, புடலை, சுரை, பாகல் என்று குழிக்கு ஒன்று.
- 10 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஆறு பாத்திகள். வெண்டை இரண்டு, கொத்தவரை ஒன்று, தட்டைப்பயறு ஒன்று, கத்தரியும் மிளகாயும் கலந்து ஒன்று, கீரை ஒன்று.
- மேற்கு ஓரத்தில் அகத்தி மூன்று, செடிமுருங்கை ஒன்று. சாயங்கால வெயிலைத் தடுக்கும். கீரையும் கொடுக்கும்.
- குளியலறைத் தண்ணீர் விழும் இடத்தில் கல்வாழை, சேம்பு, இரண்டு வாழை.

பந்தலின் கீழே நிலத்தைச் சும்மா விடாதீர்கள். கொடி படர்ந்த பிறகு அங்கே கிடைக்கும் அரை நிழல் சிறுகீரைக்கும் கொடிப்பசலைக்கும் மிகவும் உகந்தது.

முதலில் தண்ணீர்க் கணக்கு

உச்ச வெயிலில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் தேவைப்படும். மேலே சொன்ன பந்தலும் ஆறு பாத்தியும் சேர்த்து 26 சதுர மீட்டர். ஆக, 130 லிட்டர். ஏறத்தாழ பத்துக் குடம். மண்ணை மூடி வைத்தால் இது கணிசமாகக் குறையும். உங்களிடம் ஐந்து குடம்தான் இருக்கிறது என்றால் பந்தலும் இரண்டு பாத்தியும் மட்டும் போடுங்கள். ஆறு பாத்தி போட்டுச் சித்திரையில் நான்கைக் காயவிடுவதைவிட இது மேல்.

அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை நேராகப் பாத்திக்கு ஊற்றலாம். சோப்பு கலந்த குளியல் தண்ணீர் கல்வாழை, சேம்பு, வாழைக்குப் போகட்டும். கீரைப் பாத்திக்கு அதை விடாதீர்கள்.

கொடிகளுக்குப் பானைப் பாசனம் நல்ல பலன் தரும். வர்ணம் பூசாத மண்பானையைக் குழியின் நடுவில் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, தட்டால் மூடிவிடுங்கள். தண்ணீர் பானையின் சுவர் வழியே கசிந்து வேருக்குப் போகும். மேல்மண் காய்ந்தே இருப்பதால் களையும் குறைவு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும்.

எதை விதைக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

வெயிலைத் தாங்குபவை: வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, கத்தரி, மிளகாய், பீர்க்கு, புடலை, சுரை, பாகல், வெள்ளரி, பரங்கி. கீரைகளில் தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, கொடிப்பசலை, மணத்தக்காளி, அகத்தி, முருங்கை.

தவிர்க்க வேண்டியவை: முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீன்ஸ், கேரட், பீட்ரூட். தக்காளியும் கோடையில் ஏமாற்றும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் பூ உதிர்ந்துவிடும். செடி தளதளவென்று இருக்கும், காய் இருக்காது. அது சத்துக் குறைபாடு என்று நினைத்து உரம் போடுவது வீண். தக்காளியை ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டு ரகங்கள் வீட்டுத்தோட்டத்துக்கு நல்லவை. விதையை நாமே எடுத்து வைக்கலாம். கொத்தவரையில் பூசா நவ்பகார், முருங்கையில் பி.கே.எம். 1 ரகங்களும் நன்றாக வரும். ஒட்டுரக விதையிலிருந்து எடுத்த விதை மறுமுறை தாய்ச்செடி போல வராது.

பாத்தியைத் தாழ்வாக எடுங்கள்

மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தி சரி. கோடையில் அது சீக்கிரம் காயும். பாத்தியின் மட்டம் நடைபாதையைவிட அரைச்சாண் தாழ்வாக இருக்கட்டும். ஊற்றும் தண்ணீர் ஓடாமல் நிற்கும்.

ஒரு சென்டுக்கு 100 கிலோ மட்கிய தொழுவுரம் தேவை. பாத்திக்கு 10 கிலோ வீதம் 60 கிலோ, குழிக்கு 10 கிலோ வீதம் 40 கிலோ. குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் இருக்க வேண்டும். குழிக்கு 200 கிராம், பாத்திக்குக் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்துவிடுங்கள். கரையானும் வேர்ப்புழுவும் குறையும். உரம் நன்றாக மட்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சாண வாடை அடிக்கக் கூடாது, சூடு இருக்கக் கூடாது. மட்காத சாணம்தான் கரையானையும் வெள்ளைப்புழுவையும் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறது.

தொழுவுரத்தில் 10 கிலோவைத் தனியாக எடுத்து, 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து, ஈரச்சாக்கால் மூடி, நிழலில் பதினைந்து நாள் வைத்திருந்து, பிறகு பாத்திகளுக்குப் பிரித்துப் போடுங்கள். வேரழுகலும் வாடலும் குறையும்.

விதைப்பு

வெண்டை, பாகல், சுரை விதைகளை இரவு முழுவதும் ஊறவையுங்கள். பிறகு சிறிது ஆறிய அரிசிக்கஞ்சியில் சூடோமோனாஸ் பொடியைக் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைக்கலாம். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்பது அளவு. வீட்டுத்தோட்ட விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

வெண்டைக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. ஒரு பாத்தியில் இரண்டு வரிசையாக 20 செடி நிற்கும். இரண்டு பாத்தியையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். இருபது நாள் இடைவெளி விடுங்கள். முதல் பாத்தி ஓயும்போது அடுத்தது காய்த்துக்கொண்டிருக்கும்.

மூடாக்கும் நிழலும்

விதை முளைத்து ஒரு சாண் வளர்ந்ததும் மூடாக்குப் போட வேண்டும். வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு எது கிடைத்தாலும் மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மண் சூடேறாது, ஈரம் நிற்கும், களை வராது, மண்புழு மேலே வரும். கரையான் தொல்லை உள்ள ஊர் என்றால் மூடாக்குக்குக் கீழே கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கைத் தூவுங்கள்.

அகத்தி வளரும்வரை மேற்குப் பக்கம் தென்னங்கீற்றோ பழைய சேலையோ கட்டலாம். அக்னி நட்சத்திர நாட்களில் பன்னிரண்டு மணிக்குமேல் நிழல் கிடைத்தாலே செடி தப்பித்துவிடும். தண்ணீரை அதிகாலையில் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றுங்கள்.

ஊட்டம்

ஜீவாமிர்தம் தயாரிக்க 200 லிட்டர் டிரம் எல்லாம் வேண்டாம். 20 லிட்டர் தண்ணீருக்குப் புதுச் சாணம் 1 கிலோ, கோமியம் 1 லிட்டர், வெல்லம் 200 கிராம், பயறு மாவு 200 கிராம், வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் இரண்டு நாள் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிடுங்கள். ஈரமான மண்ணில் செடிக்குக் கால் லிட்டர் வீதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேரடியில் ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பறிக்கத் தயாராக உள்ள கீரையின் மேல் சாணக் கரைசல் எதையும் ஊற்றாதீர்கள்.

பூவெல்லாம் ஆண்பூவாக இருக்கிறதே?

"பூக்கிறது, பிஞ்சு பிடிக்கவில்லை" என்று பலர் கேட்கிறார்கள். கொடிகளில் முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூதான். வெயில் கூடினால் ஆண்பூவும் கூடும். பொறுத்திருங்கள். பெண்பூவின் அடியில் பிஞ்சு இருக்கும். தேனீ வரத்து இல்லையென்றால் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தேய்த்துவிடலாம். பாகல், பரங்கி, வெள்ளரிக்குக் காலையிலும், சுரை, பீர்க்கு, புடலைக்குப் பொழுது சாய்ந்த பிறகும் பூ விரிந்த நேரத்தில் செய்ய வேண்டும்.

பூச்சி, நோய்: கண்ணும் கையும் முதலில்

தினமும் காலையில் பத்து நிமிடம் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒரு சென்டுக்கு அதுவே பாதி வைத்தியம்.

- கத்தரியில் நுனி வாடியிருந்தால் உள்ளே புழு இருக்கிறது. அந்த நுனியை வாரம் ஒருமுறை கிள்ளி எரித்துவிடுங்கள். துளை விழுந்த காயையும் செடியில் விடாதீர்கள்.
- வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். மருந்தில்லை. செடியை அன்றே பிடுங்கிவிடுங்கள். மஞ்சள் வர்ணம் பூசிய தகரத்தில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் கட்டினால் வெள்ளை ஈ ஒட்டிக்கொள்ளும்.
- இலை தூசி படிந்ததுபோல் வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செம்பேன். கோடை வறட்சியில்தான் பெருகும். இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள்.
- பூசணி வண்டு கொடியின் இளம் இலையைத் துளைத்தால், பனி ஈரம் இருக்கும் காலையில் வண்டுகளைப் பிடித்து அழித்துவிட்டுச் சலித்த சாம்பலைத் தூவுங்கள்.
- பாகல், பீர்க்கு பிஞ்சில் பழ ஈ குத்தினால் காய் கோணி அழுகும். கீழே விழுந்த காயைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். பிஞ்சைக் காகிதத்தால் சுற்றிவிட்டால் நல்ல காய் கிடைக்கும்.

இவற்றுக்குப் பிறகும் தொல்லை தொடர்ந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல். 10 லிட்டருக்கு அரைக்கிலோ வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, 20 கிராம் காதி சோப்புக் கரைத்துச் சேருங்கள். ஒரு சென்டுக்கு இதில் பாதி போதும். மாலையில் மட்டும் தெளிக்க வேண்டும். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் போய்விடும், இலையும் கருகும். பருப்பு மூன்று மாதம் பழையதாக, ஆனால் எட்டு மாதத்துக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள்.

நம் பக்கம் நிற்கும் பூச்சிகள்

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளைக் கலங்க வைத்தது. மெழுகுப்பூச்சு உள்ள பூச்சி என்பதால் மருந்து அடித்தும் கட்டுப்படவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டு விடப்பட்டது. அதுதான் மாவுப்பூச்சியை அடக்கியது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவியை மருந்து தெளித்துக் கொன்றிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்காது.

உங்கள் தோட்டத்திலும் இப்படிப்பட்ட நண்பர்கள் இருக்கிறார்கள். பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் புழு கறுத்து, நீண்டு, முள்முள்ளாக இருக்கும். பார்த்தவுடன் நசுக்கிவிடுகிறோம். அசுவினியைத் தின்பதே அதுதான். அடையாளம் தெரியாத பூச்சியைக் கொல்லுமுன் அது இலையைத் தின்கிறதா, வேறு பூச்சியைத் தின்கிறதா என்று இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். ஓரத்தில் நாலு செண்டுமல்லியும் கொஞ்சம் மக்காச்சோளமும் வைத்தால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

1. களைக்கொல்லி அடித்த டேங்கை வீட்டுத்தோட்டத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். 2,4-டி கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் வெண்டை, தக்காளி, கொடி வகைகளின் இலை விரல்போல் குறுகிச் சுருண்டுவிடும். ஒரு சிறிய கைத்தெளிப்பானைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.
2. பூச்சிமருந்து காலி டப்பாவில் தண்ணீரோ விதையோ ஜீவாமிர்தமோ வைக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் சரி.
3. புகையிலைக் கரைசல் வேண்டாம். இயற்கையானது எல்லாம் தீங்கற்றது அல்ல. நிகோடின் மனிதருக்கும் நஞ்சு.
4. கரைசல்களைக் கெட்டியாக அடித்தால் சீக்கிரம் கேட்கும் என்று நினைக்காதீர்கள். கோடையில் இலை வெந்துவிடும்.

மாதவாரி வேலைகள்

தை கடைசி: பாத்தி, குழி எடுத்தல், தொழுவுரம் இடுதல், கத்தரி, மிளகாய் நாற்று விடுதல், அகத்தி விதைத்தல்.
மாசி: கொடிகள், வெண்டை முதல் பாத்தி, கொத்தவரை, தட்டைப்பயறு, கீரை விதைப்பு. பந்தல் போடுதல்.
பங்குனி: கீரை அறுவடை, நாற்று நடவு, மூடாக்கு, வெண்டை இரண்டாம் பாத்தி.
சித்திரை: வெண்டை, கொடிக்காய் பறிப்பு, நிழல் அமைத்தல், செம்பேன் கவனிப்பு.
வைகாசி: கத்தரி, மிளகாய் பறிப்பு, விதைக்குக் காய் விடுதல்.
ஆனி: ஓய்ந்த செடிகளை மட்கவைத்தல், வேப்பங்கொட்டை சேகரித்தல், ஆடிப்பட்டத்துக்குத் தயாராதல்.

விதைக்கு, நோயில்லாத நல்ல செடியில் இரண்டு மூன்று காயை முற்றவிட்டு எடுங்கள். சாம்பல் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

இந்தத் தோட்டம் உங்கள் வீட்டின் மொத்தக் காய்த் தேவையையும் தீர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். சில வாரம் பூச்சி ஜெயிக்கும். ஒரு கொடி காரணமே தெரியாமல் வாடும். சந்தைக்கு அனுப்பும் காய் போலப் பளபளப்பாகவும் இருக்காது. ஆனால் பிள்ளை தோட்டத்துக்குள் போய் வெள்ளரிப்பிஞ்சைப் பறித்து அப்படியே கடித்தால் "வேண்டாம், மருந்து அடித்திருக்கிறது" என்று நீங்கள் ஓடிப்போய்த் தடுக்க வேண்டியதில்லை. அதற்காகவே ஒரு சென்ட் ஒதுக்கலாம்.

டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், விதைகள் பற்றி உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ கேளுங்கள். சந்தேகம் இருந்தால் உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். பாதிக்கப்பட்ட இலையையோ காயையோ கையோடு கொண்டுவந்தால் எங்களுக்கும் சரியாகச் சொல்ல வசதியாக இருக்கும்.